குடும்பம் என்றால் எத்தனை பேர்?

குழித்தறியில் முதல் நாடா ஓடுவதற்கு ஒரு நாழிகைக்கு முன்பே நெசவாளி வீட்டில் ராட்டை சுழலத் தொடங்கிவிடும். அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு வீட்டுக்காரி தார் சுற்ற உட்காருவாள். சங்கத்திலிருந்து வந்த சிட்டா நூலைப் பிரித்து, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை முடிந்து, தார்க்குச்சிகளில் சுற்றிக் கூடையில் சேர்ப்பாள். புதுப் பாவு போடும் நாளில் மாமனார் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவார். அண்டை வீட்டார் இருவர் கைகொடுப்பார்கள். புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கும் வேலை, கண் கூர்மையான ஒருவரைத் தேடிப் போகும். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாகவே இருப்பாள். இவ்வளவும் முடிந்த பிறகே தறிக்குழியில் காலை வைத்து மிதியை அழுத்துகிறவர் வேலைக்கு வருகிறார்.

துணி சங்கத்துக்குப் போகிறது. கூலி கணக்கிடப்படுகிறது. பற்றுவரவுப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அங்கத்தினர் எவரும் தம் வீட்டுக் கைகளை ஒரு முறை எண்ணிவிட்டு, அந்தப் புத்தகத்தின் முதற் பக்கத்தையும் திறந்து பார்க்கலாம். இரண்டு எண்ணிக்கைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

பல ஆண்டுகளுக்கு முன்னர், வட மாவட்டம் ஒன்றில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இதை எழுதுகிறவன் இளநிலை எழுத்தனாக இருந்தேன். ஆடிக்கும் ஆவணிக்கும் நடுவே, விற்பனை மும்முரமாக இருந்த ஒரு காலைப்பொழுதில், நாற்பது வயதுள்ள ஓர் அம்மாள் மஞ்சள் பையோடு வந்து என் மேஜையருகே நின்றார். அவருடைய கணவர் நம் அங்கத்தினர். இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. தறியில் பாதி நெய்த பாவு இருந்தது. அதை முடித்துவிடலாம், ஆனால் அடுத்த பாவுக்கு நூல் வேண்டும். கணவரின் சேமிப்பையும் பெற வேண்டும். கோப்பை எடுத்துப் பார்த்தேன். வாரிசு நியமனப் பகுதியில் கணவருடைய தகப்பனாரின் பெயர் இருந்தது. திருமணத்துக்கு முன்பு எழுதிக்கொடுத்தது. பிறகு ஒருவரும் மாற்றவில்லை. அந்தத் தகப்பனார் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டவர்.

தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் சேமிப்பைக் கொடுக்க இயலும் என்றேன். நூலைக் கேட்டபோது, அங்கத்தினர் அல்லாதவருக்கு நூல் தரத் துணைவிதியில் இடமில்லை என்றேன். நான் சொன்னது இரண்டும் விதிப்படி சரி. அந்த அம்மாள் சண்டை போடவில்லை. "இருபத்திரண்டு வருஷமா அந்த வீட்டுத் தாரெல்லாம் நான் சுத்தினதுதான், தம்பி. உங்க புஸ்தகத்தில அதுக்கு ஒரு வரிகூடவா இல்லே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வராமல் நான் செயலாளரைக் கைகாட்டினேன்.

சங்கம் ஒரு தறிக்கு ஒரு பெயர் என்று எழுதியதை இன்று குறை சொல்லிவிடுவது எளிது. அதற்குக் காரணம் இருந்ததை மறந்துவிடலாகாது. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு முதற் சட்டம் 1904-இல் பிறந்தது. அதற்கு முன்னும், அதற்கு வெகு காலத்துக்குப் பின்னும், நெசவாளி வீடு முதலாளி கொடுத்த முன்பணத்தில் கட்டுண்டு கிடந்தது. முதலாளியின் நோட்டிலும் பெயர் ஒன்றே. ஆனால் கடன் குடும்பம் முழுவதற்கும் உரியது. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மகன் கை தறியில் இறங்கும். சங்கம் வந்து, நூலுக்கும் துணிக்கும் நியாயமான கணக்கு வைத்து, பொறுப்பாளி இன்னார் என்று ஒரு பெயரைக் குறித்தபோது, அது ஒரு விடுதலையாகவே இருந்தது. 1935-இல் மாகாண அளவில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்குவது, தோன்றியது. 1953-இல் மில் துணிக்குக் கெஜத்துக்கு 3 தம்பிடி கூடுதல் தீர்வை விதித்து, அதிலிருந்து கைத்தறிக்கும் கதருக்கும் நிதி ஒதுக்கும் சட்டம் வந்தது. அந்தப் பணம் சங்கங்களின் வழியே வந்ததால், தறி வைத்திருந்தவர்கள் திரள்திரளாக அங்கத்தினரானார்கள். தறிக்குப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுத் தலைவரின் பெயரைக் கொடுத்தார்கள். மனைவியும் நெய்கிறாளே, அவள் பெயரையும் எழுதுங்கள் என்று அப்போது எவரும் கேட்டதாகத் தோன்றவில்லை.

கூலியும் அவ்வாறே அமைந்தது. உருப்படிக்கு இவ்வளவு என்று பேசும்போது, பெரும்பாலான இடங்களில் தார் சுற்றுவதும் பாவு சேர்ப்பதும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டன. வெளியாளிடம் தார் சுற்றக் கொடுத்தால் கூலி கொடுத்தாக வேண்டும். வீட்டுக்காரி சுற்றினால் அது வீட்டு வேலை! ஒரே வேலைக்கு இரு பெயர்கள்.

இந்த ஏற்பாடு நிலைத்து நிற்பதற்கு ஒரு குறிப்பிட்ட வகைக் குடும்பம் தேவைப்பட்டது. வயதானவர் ஒருவர், நடுவயதுத் தம்பதி, வளரும் பிள்ளைகள் மூன்று நான்கு பேர், எல்லோரும் ஒரே கூரையின் கீழ். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்வோம். உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு வண்ண ஊடை ஓட வேண்டுமாதலால் நெய்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் வெகு காலம் ஒரு சிறுவனாக அல்லது சிறுமியாக இருந்தார். தொழிலைக் கற்றுக்கொள்கிறான் என்று சொல்லிக்கொண்டோம். கற்றுக்கொண்டதும் உண்மை, பள்ளிக்குப் போகாததும் உண்மை.

இந்த இடத்தில்தான் அரசாங்கத்தின் கொள்கை வீட்டுக்குள் நுழைந்தது. அது தறியைத் தொடாமல் சோற்றுத் தட்டின் வழியாக நுழைந்தது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிந்த சத்துணவுத் திட்டமும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அடுத்தடுத்து வந்தவை. பிள்ளை தறியருகே இருந்தால் ஒரு வேளை சோறு வீட்டுச் செலவு. பள்ளியில் இருந்தால் அந்தச் செலவு மிச்சம். ஏழைத் தகப்பன் போடும் கணக்கு இதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தண்டனைச் சட்டம் இதைவிடத் தயங்கித் தயங்கியே வந்தது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பல தொழில்களில் சிறுவர்களை அமர்த்துவதைத் தடுத்தது. ஆனால் ஒருவர் தம் குடும்பத்தார் உதவியோடு நடத்தும் தொழிற்கூடத்துக்கு அத்தடை பொருந்தாது என்று ஒரு விலக்கும் வைத்தது. நெசவாளி வீடு எல்லாமே அந்த விலக்குக்குள் அடங்கிவிடும். முதலாளி வீட்டுத் தறியில் உட்கார்ந்த அயலான் பிள்ளையைக்கூட அக்காள் மகன் என்று சொல்லித் தப்பியவர்கள் உண்டு. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டு 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்று வந்தது. அப்போதும், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற வாசல் திறந்தே இருந்தது. குடும்பம் என்ற சொல் சட்டத்தில் வரும்போதெல்லாம் ஏதோ ஒரு கதவு திறக்கிறது, அல்லது மூடுகிறது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. 1929-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்று வைத்தது. 1978-இல் அது 18 ஆயிற்று. ஊரில் அந்தச் சட்டத்தை நினைத்துக் கலியாணத்தை ஒத்திப்போட்டவர்கள் அதிகமில்லை. ஆனால் 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி தொடங்கியபோது, மணப்பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். உதவித்தொகை 5,000 ரூபாய். அதற்காகவே மகளை எட்டாம் வகுப்பு வரை விட்டுவைத்த வீடுகளை நம் தெருக்களில் கண்டிருக்கிறோம். எட்டு முடித்தவள் பத்துக்கும் போனாள். பின்னர் உதவித்தொகையும் தாலிக்குத் தங்கமும் படிப்பைப் பொறுத்து உயர்ந்தன. 2022-இல் திருமணத்துக்கான அந்த உதவி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று உருமாறியது. கலியாணச் செலவுக்கென்று வந்த பணம் முப்பத்து மூன்று ஆண்டுகளில் படிப்புச் செலவுக்கென்று ஆகிவிட்டது. அதட்டிய சட்டத்தைக் காட்டிலும் நிபந்தனையோடு நீட்டிய கை வீட்டை அதிகம் மாற்றியது என்பது என் எண்ணம்.

இவற்றோடு பிள்ளைப்பேறும் குறைந்தது. 1971-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரி ஏறக்குறைய 4 பிள்ளைகள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 1.8. ஆக, ஐந்தாறு கைகளை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட தொழில் இன்று இரண்டு கைகள் உள்ள வீட்டில் நிற்கிறது. மகன் பாலிடெக்னிக்கில், மகள் நர்சிங் படிப்பில். கஞ்சி போட்டுவந்த மாமனார் முதியோர் உதவித்தொகைக்காக வங்கி வாசலில். தெருப்பாவு நீட்டுவதற்குத் தெருவிலும் இடமில்லை, இரு சக்கர வண்டிகள் விடுவதில்லை. சுற்றிய பாவை விலைக்கு வாங்குகிறோம். தார் சுற்ற மோட்டார் வைத்த ராட்டை வந்திருக்கிறது. வாங்க இயலாத வேலை எல்லாம் மிஞ்சியிருக்கும் ஒருத்தியின் மேல் ஏறியிருக்கிறது.

விசைத்தறிக் கூடத்தில் வேறு கதை. அங்கே கூலி ஆளுக்கு. பெண் போனால் பெண்ணின் கையிலேயே கூலி விழுகிறது. இரவுப் பணியும் இரைச்சலும் கொடியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் வீட்டுப் பெண்கள் சிலர் கைத்தறியை விட்டு அங்கே போனதற்கு, கூலியின் அளவைவிட, அது தம் பெயரில் வருவதே காரணம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நம் பத்திரிகையைப் படிப்பவர்களில் பாதிப் பேர் விவசாயிகள். நெசவாளிக்குச் சிட்டா என்றால் நூல். விவசாயிக்குச் சிட்டா என்றால் நிலக் கணக்கு. சொல் ஒன்று, கவலையும் ஏறத்தாழ ஒன்றுதான். நாற்று நட்டவளும் களை பறித்தவளும் பருத்தி எடுத்தவளும் பெண்கள். சிட்டாவில் பெயர் ஆணுடையது. அந்தச் சிட்டாவையும் அடங்கலையும் காட்டித்தான் தொடக்க வேளாண்மைச் சங்கத்தில் பயிர்க் கடன்.

நிலத்தில் குடும்பம் என்பதற்கு அரசாங்கம் கொடுத்த முதற் பெரிய விளக்கம் 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தில் இருக்கிறது. ஐந்து பேர் வரையுள்ள குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று எல்லை வைத்தார்கள். 1970-இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். எல்லை வைத்தால் குடும்பம் எது என்று சொல்லியாக வேண்டும். கணவன், மனைவி, வயது வராத மகன்கள், மணமாகாத மகள்கள் என்று சட்டம் சொல்லிற்று. கவனியுங்கள்: வயது வந்த மகன் தனி ஆள், அவனுக்குத் தனி எல்லை. முப்பது வயதானாலும் மணமாகாத மகள் தகப்பனின் கணக்கிலேயே கிடப்பாள். இதன் பயனாக, அதுவரை மகனிடம் ஒரு காணியும் எழுதிக்கொடுக்காத மிராசுகள் அவசர அவசரமாக மகன்களுக்குப் பாகம் பிரித்தார்கள். ஒரே பானையில் பொங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் காகிதத்தில் நான்காயின. காகிதத்தில் பிரிந்தது சில ஆண்டுகளில் மண் சுவராகவும் எழுந்தது; அண்ணன் தம்பிகள் நடுவே அந்தச் சுவரைக் கண்டவர்கள் நம்மில் பலர்.

மகளுக்கு முறை வர இன்னும் வெகு காலம் ஆயிற்று. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசு உரிமைச் சட்டம் தகப்பனின் சொந்தச் சொத்தில் மகளையும் வாரிசாக்கியது. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பினால் வரும் பங்கு மகனோடு நின்றது. தமிழ்நாடு 1989-இல் இயற்றிய திருத்தம் மகளையும் பிறப்பினால் பங்காளியாக்கியது. அந்தத் திருத்தத்துக்கு முன் மணமானவர்களுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் அந்த வேற்றுமையின்றி நாடெங்கும் இவ்வுரிமையைக் கொடுத்தது. 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தது. பத்திரப் பதிவு அலுவலக வாசலில் என்ன நடக்கிறது? அக்காள் தங்கைகள் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் போகிறார்கள். "சீர் செஞ்சாச்சு, பொங்கலுக்குப் படி கொடுக்கிறோம், பொறந்த வீட்டு வாசல் வேணுமில்லையா?" இந்த ஒரு கேள்விக்கு முன் சட்டப் புத்தகம் மூடிக்கொள்கிறது. அண்ணனைக் குறை சொல்வதிலும் பயனில்லை. இரண்டு ஏக்கரை மூன்றாக வகுத்தால் எவருக்கும் ஏர் ஓட்ட இடமிராது. ஆனால் பங்கின் மதிப்பைப் பணமாகவாவது கொடுத்தவர்களும் உண்டு, அவர்கள் வீட்டு வாசல் மூடிவிடவில்லை.

அதன் பிறகு குடும்பத்தை எண்ணும் வேலையை ரேஷன் அட்டை எடுத்துக்கொண்டது. அதன் அளவுகோல் அடுப்பு. தனியாகச் சமைத்தால் தனிக் குடும்பம். ஆய்வாளர் வருகிறார் என்றால், பின்கட்டில் மூன்று கல்லைக் கூட்டி இரண்டாம் அடுப்பு மூட்டிய மருமகள்களைப் பற்றிச் சிரித்துப் பேசுவோம். ஆனால் அந்த அட்டை இன்று அரிசிக்கு மட்டுமன்று. 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரனுக்கு உட்பட்ட நகைக் கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, சங்க ஊழியர்கள் குடும்ப அட்டையை வைத்துக்கொண்டுதான் சரிபார்த்தார்கள். மகன் ஒரு சங்கத்திலும் தாய் இன்னொன்றிலும் அடகு வைத்திருந்தால், ஒரே அட்டையில் இருப்பதால் இரண்டும் கூட்டப்பட்டு எல்லையைத் தாண்டிவிடும். அட்டையைப் பிரித்துக்கொண்டு போன மகனுக்குக் கிடைத்தது. தாய் தகப்பனோடு ஒரே அடுப்பில் இருந்த மகனுக்குக் கிடைக்கவில்லை. மோசடிகளைத் தடுக்க அந்த விதி தேவைப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் சேர்ந்து வாழ்ந்ததற்கு அபராதம் கட்டியதாக அந்த வீடு நினைத்தால், அதையும் தவறென்று சொல்ல நா எழவில்லை.

2019-இல் வந்த மத்திய அரசின் விவசாயி உதவித்தொகை, ஆண்டுக்கு 6,000 ரூபாய், மறுபடியும் கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் என்று குடும்பத்தை வகுத்தது. நிலம் எவர் பெயரில் இருந்ததோ அவர் கணக்கில் பணம் விழுந்தது. களை பறித்தவள் கணக்கில் விழவில்லை.

இந்த வரிசையில் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில், நெசவாளர் நகரத்தில், தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஒரு திருப்பம். மாதம் 1,000 ரூபாய். தொடக்கத்திலேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் தேர்வு செய்யப்பட்டார்கள். குடும்பத் தலைவி என்ற சொல்லை அரசாங்கம் எழுதி, அவள் வீட்டில் செய்யும் கூலியில்லாத வேலைக்கு மதிப்புக் கொடுப்பதாகச் சொல்லி, பணத்தை அவள் வங்கிக் கணக்குக்கே அனுப்பிற்று. தொகை சிறிதா பெரிதா என்ற விவாதம் இங்கே வேண்டாம். வங்கிப் புத்தகம் என்ற ஒன்று தன் பெயரில் இருந்தும் அதைத் திறந்து பாராத பெண், மாதம் ஒரு முறை அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆனால் இதிலும் அட்டை ஒன்றுக்கு ஒருத்திதான். மாமியார், மருமகள் இருவரும் ஒரே அட்டையில் இருந்தால் தலைவி எவர்? இந்தக் கேள்வி எழுந்த வீடுகளில் அன்றைய இரவுச் சாப்பாடு எப்படி இருந்திருக்கும் என்று அங்கத்தினர்களே ஊகித்துக்கொள்வார்கள்.

இத்தனை அலுவலகங்கள் தத்தம் வசதிக்குக் குடும்பத்தை எண்ணுகின்றன. உச்சவரம்புச் சட்டத்தின் குடும்பமும் ரேஷன் அட்டையின் குடும்பமும் ஒன்றல்ல. வீடுகளோ, எந்தப் புத்தகத்தில் எதைக் கேட்கிறார்களோ அதற்கேற்பத் தங்களை மாற்றிக்கொள்கின்றன. அலுவலகங்களின் புத்தகத்தைத் திருத்துவது நம் கையில் இல்லை. சங்கத்தின் புத்தகம் நம் கையில் இருக்கிறது.

கைத்தறிக் கணக்கெடுப்பே இதில் நமக்கு முன்னே போய்விட்டது. 2009–10 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 43.31 லட்சம் பேரும், 2019–20-இல் 35.22 லட்சம் பேரும் கைத்தறித் தொழிலில் இருப்பதாக எண்ணினார்கள். பிந்தியதில் நெசவாளர்களில் 100-க்கு 72 பேர் பெண்கள். வடகிழக்கு மாநிலங்களில் பெண்களே நெய்வதால் அந்த எண் உயர்ந்திருக்கிறது. நம் மாவட்டங்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் தார் சுற்றுவோரையும் பாவு சேர்ப்போரையும் துணைத் தொழிலாளர் என்று தனியே எண்ணி, 8.48 லட்சம் பேர் என்று எழுதியிருக்கிறார்கள். கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று, "உங்கள் வீட்டில் தார் சுற்றுவது எவர்?" என்று கேட்டிருக்கிறார். சங்கம் இன்னும் கேட்கவில்லை.

நமது சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் அங்கத்தினரின் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடிக்கப்படுகிறது. அரசு 4 காசு சேர்க்கிறது. அந்த 8 காசில் தார் சுற்றியவளின் பங்கு உண்டு. மனைவிக்கு நெசவு தெரியுமானால் அவளையும் தனி அங்கத்தினராகச் சேர்த்தால், அவள் நெய்யும் நாட்களின் கூலியும் சேமிப்பும் அவள் பெயரில் ஏறும். முதுமையில் ஓய்வூதியம் கேட்கும் தகுதியும் அவளுக்கே வரும். ஒரு தறிக்கு இரு அங்கத்தினர் கூடாது என்று சில துணைவிதிகள் சொல்லுகின்றன. துணைவிதியைத் திருத்துவது பேரவையின் அதிகாரம். போலி அங்கத்தினர் பெருகிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. நூலைப் பெற்று நெய்யாமல் வெளியே விற்றவர்களால் நொடித்த சங்கங்களை நாம் கண்டவர்கள். அதற்கு மருந்து தறியைப் போய்ப் பார்ப்பது. பெண்ணின் பெயரை எழுதாமல் விடுவது அதற்கு மருந்தாகாது.

துணைவிதியைத் திருத்தக் காலமாகும். வாரிசு நியமனத்தைத் திருத்த ஒரு காலைப்பொழுது போதும். திருமணம், பிள்ளைப்பேறு, பெற்றோர் மரணம், இவற்றுள் எது நேர்ந்தாலும் அந்தப் படிவத்தை ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். நியமனம் பெற்றவர் சங்கத்திடமிருந்து பணத்தைப் பெறுகிறவர். அதனால் மற்ற வாரிசுகளின் பாத்தியதை அழிந்துபோவதில்லை. ஆயினும் அந்த ஒரு வரி சரியாக இருந்தால், துக்க வீட்டிலிருந்து ஒருத்தி தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டியிராது.

அந்த மஞ்சள் பை அம்மாளின் விஷயம் நிர்வாகக் குழுவுக்குப் போயிற்று. அவரைப் புதிய அங்கத்தினராகச் சேர்க்கலாம் என்றார் தலைவர். நெசவு தெரிந்தவர்தாம் அங்கத்தினராகலாம் என்று துணைவிதி இருப்பதால், தெரியுமா என்று பார்த்துவிட்டு வரலாம் என்றார் ஒரு மூத்த உறுப்பினர். நான்கு பேர் போனோம். அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குழியில் இறங்கினார். கணவர் பாதியில் விட்ட பாவு இப்போது முக்கால் பங்கு முடிந்திருந்தது. சாண் அளவு நெய்து காட்டினார். மூத்த உறுப்பினர் குனிந்து துணியைத் தடவிப் பார்த்தார். கணவர் நெய்த பகுதி எங்கே முடிந்தது, இவர் எங்கே தொடங்கினார் என்று தேடினார். அவருக்குத் தெரியவில்லை. "இவ்வளவு காலமா யார் நெய்த துணிக்கு நான் தரம் போட்டுக்கிட்டிருந்தேன்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

வாரிசுச் சான்றிதழ் வர எட்டு மாதம் ஆயிற்று. சேமிப்பு அதற்குப் பிறகே கைக்கு வந்தது. நூல் மட்டும் அந்த வாரமே கிடைத்தது. அங்கத்தினர் படிவத்தை நிரப்ப அவர் வந்த அன்று, வாரிசு நியமனப் பகுதிக்கு வந்தபோது, மகன் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். வழக்கமாக எல்லோரையும் கேட்பதுதான். மகன், மகள் இரண்டு பேர் பெயரையும் பாதிப் பாதியாக எழுதச் சொன்னார். எழுதினேன். "படிங்க, தம்பி" என்றார். படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கட்டை விரலை மைப்பெட்டியின் பக்கம் கொண்டுபோனவர், கையை இழுத்துக்கொண்டு பேனாவைக் கேட்டார். ஏழு எழுத்துகளில் தம் பெயரை மெதுவாக எழுதினார்.